‘தர்ரா’வுக்குள் எலக்ட்ரானைத் தேடாதீர்கள்!

 

சென்ற ரமளானில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகை முடிந்து தாம்பரத்தில் உள்ள நம் பள்ளிவாசலின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த வேளையில், ஓர் இளைஞர் தூணருகே காத்து நின்றார். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் நம் மாலை மக்தபில் ஓதிய பிள்ளை. இப்போது கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறார். ஸலாம் கூறிவிட்டு, தயங்கித் தயங்கி அவர் கேட்டது இதுதான்:

“ஹஜ்ரத், ஸூரத்துஸ் ஸில்ஸாலைக் கற்றுத் தந்தபோது, அதில் வரும் ‘தர்ரா’ என்பது அணுதான், விஞ்ஞானம் இப்போது கண்டுபிடித்ததைக் குர்ஆன் 1400 ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது என்றீர்கள். நான் அதை வகுப்புத் தோழர்களிடம் பெருமையாகச் சொன்னேன். ஒருவன் கேட்டான்: ‘எந்த அணு? டால்டனின் அணுவா, தாம்சனின் அணுவா, போரின் அணுவா?’ எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று முதல் அந்த ஸூராவை ஓதும்போதெல்லாம் உள்ளம் தடுமாறுகிறது.”

அந்த இரவில் நம்மிடமும் பதில் இல்லை. “இன்ஷா அல்லாஹ் பார்த்துச் சொல்கிறோம்” என்று அனுப்பிவைத்தோம். அவர் கேட்டது அணுவைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நம்மைப் பற்றிய கேள்வியும் ஆகும். பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஈமானின் ஆதாரம் என்று நாம் எதைக் கொடுத்தோம்? அது இருபது வயதில் உடைந்து போனால் யார் பொறுப்பு? இக்கட்டுரை அவருக்கு நாம் தர வேண்டிய பதில். அவரைப் போன்ற பிள்ளைகளை வளர்க்கும் அனைவருக்கும் இதில் பங்குண்டு என்பதால் பொதுவில் எழுதுகிறோம்.

அணுவின் கதை

முதலில், அந்தத் தோழன் கேட்ட கேள்வியின் பொருளை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். சமச்சீர்க் கல்வியின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில் அணு அமைப்பு என்றொரு பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அனைவரும் அதைப் படிக்கிறார்கள். நாமும் ஒரு முறை படித்துப் பார்த்தால் குற்றமில்லை.

பொருள்கள் யாவும் மேலும் பிளக்க இயலாத நுண்துகள்களால் ஆனவை என்ற எண்ணம் மிகப் பழையது. கிரேக்க நாட்டில் டெமாக்ரிட்டஸ் என்பவர் அதைக் கூறினார்; அது குர்ஆன் அருளப்படுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியாவில் கணாதர் பெயரால் வழங்கும் வைசேடிகத் தத்துவமும் அவ்வாறே கூறிற்று. அவை சிந்தனைகள்; சோதனையால் நிறுவப்பட்டவை அல்ல. இங்கிலாந்தின் ஜான் டால்டன் 1808இல் வெளியிட்ட நூலில்தான், பொருள்கள் ஒன்றோடொன்று எந்த எடை விகிதத்தில் கூடுகின்றன என்ற கணக்கின் மீது அணுக்கொள்கை நின்றது. அவருடைய அணு பிளக்க முடியாத சிறு உருண்டை.

1897இல் ஜே. ஜே. தாம்சன் கேத்தோடு கதிர்களை ஆராய்ந்து, அணுவை விடவும் மிகச் சிறிய, எதிர்மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று இருப்பதைக் காட்டினார். அதுவே எலக்ட்ரான். ஹைட்ரஜன் அணுவின் எடையில் ஏறத்தாழ 1800இல் ஒரு பங்கே அதன் எடை. அணு பிளந்தது, டால்டனின் உருண்டையும் பிளந்தது. 1904இல் தாம்சன் ஒரு மாதிரியை முன்வைத்தார். தர்ப்பூசணிப் பழத்தின் சதையில் விதைகள் பதிந்திருப்பது போல, நேர்மின்னூட்டப் பரப்பில் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றார்.

அந்தப் பழத்தை உடைத்தவர் அவருடைய மாணவராக இருந்த ரூதர்போர்டு. 1909இல் அவர் மேற்பார்வையில் கைகரும், அப்போது இளம் மாணவராக இருந்த மார்ஸ்டெனும் மெல்லிய உலோகத் தகடுகளின் மீது ஆல்பா துகள்களைச் செலுத்திப் பார்த்தனர். பெரும்பாலானவை தங்கு தடையின்றி ஊடுருவிச் சென்றன. ஆனால் ஏறத்தாழ 8000இல் ஒன்று, எறிந்த பந்து சுவரில் மோதித் திரும்புவது போல வந்த வழியே திரும்பியது. அணுவின் எடை பரந்து கிடக்கவில்லை, நடுவில் ஒரு சிறு புள்ளியில் குவிந்திருக்கிறது என்று 1911இல் ரூதர்போர்டு முடிவு கூறினார். அதுவே அணுக்கரு. அந்தக் கருவை ஒரு கடுகாகக் கொண்டு நம் பள்ளிவாசலின் மிஹ்ராபில் வைத்தால், அணுவின் எல்லை பள்ளிவாசலைத் தாண்டி, தெருவையும் தாண்டிப் போய் நிற்கும். இடையில் இருப்பதெல்லாம் ஏறக்குறைய வெற்றிடம்.

ஆயினும் ரூதர்போர்டின் மாதிரியும் நிலைக்கவில்லை. சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து நொடிப்பொழுதில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும் என்பது அன்றைய மின்காந்தவியல் விதி. விழவில்லையே, ஏன்? ரூதர்போர்டிடம் பணியாற்றிய நீல்ஸ் போர், எலக்ட்ரான்களுக்கென்று குறிப்பிட்ட சுற்றுப்பாதைகள் மட்டுமே உண்டு என்று 1913இல் கூறினார். ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகள் அவர் கணக்குக்கு அப்படியே ஒத்துவந்தன. அடுத்த தனிமமான ஹீலியத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. 1926இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாட்டில் சுற்றுப்பாதையே மறைந்தது. எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவு மட்டும் எஞ்சியது. 1932இல் ரூதர்போர்டின் மாணவர் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். 1964இல் புரோட்டானும் நியூட்ரானும் கூட இன்னும் சிறிய குவார்க்குகளால் ஆனவை என்ற கருத்து வந்தது. சில ஆண்டுகளில் சோதனைகளும் அதற்கு வலுச் சேர்த்தன.

இப்போது அந்தத் தோழனின் கேள்வி விளங்குகிறது. ‘தர்ரா என்றால் அணு’ என்று 1850இல் ஒருவர் பயான் செய்திருந்தால், பிளக்க முடியாத உருண்டையைக் குர்ஆனின் மீது ஏற்றியிருப்பார். 1905இல் செய்திருந்தால் தர்ப்பூசணிப் பழத்தை ஏற்றியிருப்பார். 1915இல் செய்திருந்தால் குட்டிச் சூரிய மண்டலத்தை ஏற்றியிருப்பார். ஒவ்வொரு முறையும் மாதிரி மாறும்போது, யாருடைய சொல் பொய்த்துப் போகும்? பயான் செய்தவரின் சொல்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் உள்ளத்தில் பொய்த்துப் போனதாகப் பதிவது இறைவனின் சொல். இதைவிடப் பெரிய அநீதி உண்டா?

தர்ரா என்பது என்ன?

இது அவர்கள் வாதம்: ஸூரா யூனுஸிலும் (10:61) ஸூரா ஸபஃவிலும் (34:3) தர்ராவின் எடையளவும், அதைவிடச் சிறியதும், அதைவிடப் பெரியதும் இறைவனுக்கு மறைந்ததன்று என்று வருகிறது. தர்ரா அணு என்றால், அதைவிடச் சிறியது எலக்ட்ரான். ஆகவே எலக்ட்ரான் குர்ஆனில் இருக்கிறது!

அரபுமொழி அகராதிகளையும் முற்கால விரிவுரையாளர்களையும் பாருங்கள். தர்ரா என்பதற்கு அவர்கள் தந்த பொருள் சிற்றெறும்பு. அல்லது சன்னல் வழியே விழும் வெயில் கற்றையில் மிதக்கும் தூசு. பாலைவனத்து அரபி ஒருவர் தம் கண்ணால் கண்ட பொருள்களிலேயே மிகச் சிறியது எதுவோ, அதுவே தர்ரா. பின்னாளில் ஐரோப்பிய விஞ்ஞானத்தை அரபியில் மொழிபெயர்த்தோர், ‘ஆட்டம்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டி இந்தப் பழைய சொல்லை எடுத்துக்கொண்டனர். தமிழிலும் அவ்வாறே. மிகச் சிறியது என்ற பொருளில் நம் முன்னோர் வழங்கிய ‘அணு’ என்ற சொல்லை விஞ்ஞானப் பாடநூலார் எடுத்துக்கொண்டனர். குர்ஆனைத் தமிழாக்கியோரும் ‘அணுவளவு’ என்று எழுதினர். அது அழகான தமிழ், அதில் பிழையில்லை. ஆனால் நாம் செய்தது என்ன? விஞ்ஞானம் நம் சொல்லைக் கடன் வாங்கிச் சென்றது. அந்தச் சொல்லைத் திரும்பக் குர்ஆனில் கண்டவுடன், விஞ்ஞானமே அங்கே இருக்கிறது என்று வியந்தோம். நம் வீட்டுப் பாத்திரத்தை அண்டை வீட்டார் இரவல் வாங்கிச் சமைத்தார்கள் என்பதற்காக, அவர்கள் சமைத்த உணவும் நம் அடுப்பில் வெந்தது என்று கூறலாமா?

இன்னும் ஒன்று கேட்கிறோம். சிறுமையைக் குறிக்கக் குர்ஆன் தர்ராவை மட்டுமா கூறுகிறது? கடுகு விதையின் எடை என்று ஸூரா அன்பியாவிலும் (21:47), லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையிலும் (31:16) வருகிறது. பேரீச்சங்கொட்டையின் முதுகில் உள்ள சிறு குழி, அதன் பிளவில் உள்ள மெல்லிய நார், அதன் மேலுள்ள மெல்லிய தோல் ஆகியவையும் வேறு இடங்களில் வருகின்றன. கடுகுக்குள் இயற்பியலைத் தேடியவர் உண்டா? பேரீச்சங்கொட்டையின் தோலில் குவார்க்கைக் கண்டவர் உண்டா? இல்லை. ஏனெனில் அவற்றைக் கேட்கும்போது, மிகச் சிறிய செயலும் அவனிடம் தப்பாது என்ற பொருள் நமக்கு உடனே விளங்கிவிடுகிறது. தர்ராவின் பொருளும் அதுவேதான். அது கேள்வி கணக்கைப் பற்றிய வசனம். வேதியியல் வகுப்பைப் பற்றியதன்று.

இங்கேதான் உண்மையான இழப்பு இருக்கிறது. ஸூரத்துஸ் ஸில்ஸாலின் இறுதி வசனங்களைக் கேட்டவுடன் ஒரு பிள்ளையின் நெஞ்சு நடுங்க வேண்டும். தம்பியின் பங்கிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு மிட்டாய், வகுப்பில் கூறிய ஒரு சிறு பொய், பசித்த பூனைக்கு வைத்த ஒரு பிடிச் சோறு எல்லாம் கண்முன் வர வேண்டும். நாம் அந்த நடுக்கத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு பொது அறிவு வினா விடையை வைத்தோம். “தர்ரா என்றால் அணு ஹஜ்ரத்!” என்று பிள்ளை பெருமையாகக் கூறியது; நாமும் மாஷா அல்லாஹ் என்றோம். வசனம் அதன் உள்ளத்தில் இறங்கவே இல்லை.

இரும்பும் 57உம்

கைப்பேசிக் குழுக்களில் சுற்றிவரும் இன்னொரு செய்தியையும் விட்டுவைக்க இயலாது. ஸூரா அல்ஹதீத், அதாவது இரும்பு, குர்ஆனின் 57ஆம் அத்தியாயம். இரும்பின் ஓர் ஐசோடோப்பின் நிறை எண் 57. ‘ஹதீத்’ என்ற சொல்லின் அப்ஜத் கூட்டுத்தொகை 26. இரும்பின் அணு எண்ணும் 26. இரும்பை ‘இறக்கினோம்’ என்று வசனம் கூறுகிறது. இரும்பு விண்மீன்களிலிருந்து வந்தது என்று விஞ்ஞானம் கூறுகிறது. ஸுப்ஹானல்லாஹ், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

அனுப்புவதற்கு முன் பாடநூலைத் திறந்து பாருங்கள். இயற்கையில் உள்ள இரும்புக்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு: 54, 56, 57, 58. நூறு இரும்பு அணுக்களை எடுத்தால் அவற்றில் ஏறத்தாழ 92 அணுக்களின் நிறை எண் 56. 57 என்பது நூற்றில் ஏறத்தாழ இரண்டே. 92ஐ விட்டுவிட்டு இரண்டைத் தேர்ந்தெடுத்தது யார்? விடையை முன்பே கையில் வைத்துக்கொண்டவர். 56ஆம் அத்தியாயத்துக்கு இரும்பு என்ற பெயர் இருந்திருந்தால், 56ஐக் கொண்டு இதே செய்தி வந்திருக்கும்.

‘இறக்கினோம்’ என்பதற்கு வருவோம். அதே வினைச்சொல்லைக் கொண்டே, உங்களுக்குக் கால்நடைகளில் எட்டு இணைகளை இறக்கினான் என்று ஸூரா ஸுமரில் (39:6) வருகிறது. ஆடையை இறக்கினோம் என்று ஸூரா அஃராபில் (7:26) வருகிறது. பக்ரீத்துக்கு நாம் வாங்கும் ஆடு விண்கல்லோடு விழுந்ததா? அந்தச் சொல் அருட்கொடையாக வழங்கியதைக் குறிக்கிறது என்று விரிவுரையாளர்கள் கூறியிருக்கிறார்கள். இரும்பு விண்மீன்களில் உருவானது என்பது உண்மையே. ஆனால் நம் எலும்பில் உள்ள கால்சியமும், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் கூட அவ்வாறு விண்மீன்களில் உருவானவையே. இரும்புக்கு மட்டும் அதில் தனிச் சிறப்பில்லை.

நம் அண்டை வீட்டாரும் இதையே செய்கிறார்கள். திருக்குறளின் பெருமையை அணுவைக் கொண்டு புகழும் பழைய பாடல் ஒன்றைக் காட்டி, தமிழர் அன்றே அணுவைப் பிளந்தனர் என்கிறார் ஒருவர். வேதத்தில் அணுகுண்டு இருந்தது என்கிறார் இன்னொருவர். அவற்றைக் கேட்டு நாம் புன்னகைக்கிறோம். அதே புன்னகையோடு நம் துண்டுப் பிரசுரத்தைப் பிறர் வாசிப்பார்கள் என்பது நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

‘விஞ்ஞானம் நாளுக்கு நாள் மாறும்’ என்போருக்கு

இவ்வளவும் கூறியபின், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்: “அதனால்தான் சொல்கிறோம் ஹஜ்ரத், விஞ்ஞானத்தை நம்பாதீர்கள். அணு ஒன்று என்பார்கள், இரண்டு என்பார்கள், பிறகு இல்லை என்பார்கள். பிள்ளைகளை இதில் தள்ளி எதற்கு?” பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை நம் மக்கள் வாழும் தெருக்களில் இதைக் கேட்டிருக்கிறோம். பெண் பிள்ளை பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவைக் கேட்கும்போது இந்தக் குரல் இன்னும் ஓங்கி ஒலிக்கிறது.

வேடிக்கை என்னவெனில், ‘விஞ்ஞானமே குர்ஆனை உண்மைப்படுத்திவிட்டது’ என்று முழங்கும் அதே நாவே, பத்து நிமிடம் கழித்து ‘விஞ்ஞானம் மாறிக்கொண்டே இருக்கும் பொய்’ என்கிறது. பொய்யன் ஒருவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவன் சாட்சியத்தால் வழக்கை வென்றோம் என்று மகிழ்வது எந்த நீதிமன்றத்தில் செல்லும்?

மாற்றம் என்பது பொய்க்கு அடையாளமன்று. தாம்சனின் தர்ப்பூசணி போயிற்று. அவர் கண்ட எலக்ட்ரான் போகவில்லை. டால்டனின் உருண்டை போயிற்று. எடை விகிதக் கணக்கை இன்றும் வேதியியல் வகுப்பில் போடுகிறார்கள். புதிய மாதிரி எதுவாயினும், பழைய மாதிரி சரியாக விளக்கிய அனைத்தையும் தானும் விளக்க வேண்டும்; அதற்கு மேல் விளக்கப்படாததையும் விளக்க வேண்டும். அன்றேல் யாரும் அதை ஏற்பதில்லை. தந்தை தாம்சன் எலக்ட்ரானைத் துகளாகக் கண்டார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் மகன் ஜி. பி. தாம்சன் அதே எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்கிறது என்று காட்டினார். 1937இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மகனால் தந்தை பொய்யராகிவிடவில்லை.

இது நம் மரபுக்கு அந்நியமானதா? இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களுக்கு இராக்கில் இருந்தபோது கூறிய பழைய கருத்து என்றும், எகிப்துக்குச் சென்றபின் கூறிய புதிய கருத்து என்றும் இரண்டு உண்டு. அதைக் கேட்டு நாம் சிரிக்கிறோமா? அவருடைய நேர்மை என்று போற்றுகிறோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் எத்தனையோ சட்டங்களில் ஆசிரியருக்கு மாறுபட்டனர். ஆசிரியரின் கண்ணியம் அதனால் குறையவில்லை. ஓர் அறிவிப்பாளரின் நினைவாற்றலில் சிறு குறை கண்டாலும் அந்த ஹதீஸைத் தள்ளிவைத்த உம்மத்து நாம். ஆதாரம் வலுத்தால் கருத்தை மாற்றிக்கொள்வது அமானிதம். ரூதர்போர்டு தாம்சனுக்குச் செய்ததில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நம் இமாம்கள் எப்படி நடந்தார்கள்?

அந்த இளைஞர் சென்றபின் நாம் திறந்த முதல் நூல், மாணவப் பருவத்தில் ஓதிய ‘ஷர்ஹுல் அகாயித்’. நஸஃபி (ரஹ்) அவர்களின் அகீதா நூலுக்குத் தஃப்தாஸானி (ரஹ்) எழுதிய விரிவுரை அது. அரபிக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது. அதில் பிரிக்க இயலாத பகுதி, அதாவது ‘ஜவ்ஹருல் ஃபர்த்’, பற்றிய விவாதம் உண்டு. அஷ்அரீ மரபின் அறிஞர்களில் பெரும்பாலோர், உலகம் பிரிக்க முடியாத துகள்களால் ஆனது என்றனர். வசனங்களிலிருந்து அதற்குச் சான்று தேடியோரும் உண்டு. முஃதஸிலாக்களில் நள்ளாம் அதை மறுத்தார். இப்னு ஸீனாவும் மறுத்தார். ஸ்பெயினின் இப்னு ஹஸ்மும் (ரஹ்) மறுத்தார். தஃப்தாஸானியோ இரு தரப்பு வாதங்களிலும் பலவீனம் உண்டு என்று ஒளிவு மறைவின்றி எழுதி, இமாம் ராஸி (ரஹ்) இதில் முடிவு கூறாமல் நிறுத்திக்கொள்ளவே சாய்ந்தார் என்பதையும் குறிப்பிடுகிறார்.

அவர்கள் பேசிய துகள் இன்றைய வேதியியலின் அணு அன்று; அது வேறு ஆய்வு. நாம் கவனிக்க வேண்டியது அவர்களின் ஒழுக்கத்தை. தெரியாத இடத்தில் நின்றார்கள். தம் வாதத்தின் பலவீனத்தைத் தாமே எழுதினார்கள். ‘இதை நம்பினால்தான் குர்ஆன் உண்மை’ என்று ஊராரை மிரட்டவில்லை. அந்தப் பக்கங்களை ஓதித் தேர்வு எழுதி ஸனது பெற்ற நாமோ, யாரோ அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தை நம்பிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவ அறிஞர்களை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்’ நூலின் முன்னுரையில், கிரகணத்தைப் பற்றி வானியலார் கணக்கிட்டு நிறுவியதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு அதற்குத் தீங்கே இழைக்கிறார் என்ற கருத்தைக் கூறுகிறார். குர்ஆனில் எல்லா விஞ்ஞானங்களும் அடங்கியுள்ளன என்று காட்ட முயல்வோரை, 14ஆம் நூற்றாண்டில் கிரனடாவில் வாழ்ந்த இமாம் ஷாத்திபி (ரஹ்) ‘முவாஃபகாத்’ நூலில் மறுத்திருக்கிறார். முதல் செவியாளர்களான அரபிகள் அறிந்திருந்த மொழியிலும் பொருளிலும் அதை விளங்க வேண்டும் என்பது அவர் நிலை. இவர்கள் நவீனக் கல்விக்கு அஞ்சியவர்கள் அல்லர். குர்ஆனின் கண்ணியத்துக்காக அஞ்சியவர்கள்.

இவர்கள் எல்லோருக்கும் மேலாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி இருக்கிறது. அன்னாரின் அருமைக் குழந்தை இப்ராஹீம் (ரலி) மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தைக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினர். துக்கத்தின் நடுவிலும் அன்னார் எழுந்து, சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். சற்று மௌனமாக இருந்திருந்தால் எத்தனை பேருக்கு அது ஓர் ‘அற்புத ஆதாரமாக’ ஆகியிருக்கும்! அன்னார் அந்த ஆதாரத்தை வேண்டாம் என்றார்கள். அன்னாரின் உம்மத்தாகிய நாம், பொய்யான ஆதாரங்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

தெற்குச் சென்னையில் வாழும் நமக்கு அணு என்பது தொலைதூரக் கதையன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் கல்பாக்கம். அங்கே 1971இல் அணு உலை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 1983இல் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை உயிர்பெற்றது. நம் வீட்டுப் பெரியவர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அழைத்துச் செல்கிறோமே, அந்தக் கருவி உடலில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கருவோடு பேசித்தான் படம் எடுக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருகிறார்களே, அதுவும் அணுவை அறிந்ததன் பயன். ரூதர்போர்டும் போரும் வரைந்து, அழித்து, திரும்ப வரைந்த படங்களின் பலனை நாம் மருத்துவமனையில் அனுபவிக்கிறோம். பள்ளிவாசலுக்கு வந்து அவர்களைக் கேலி பேசுகிறோம். இது நன்றியுள்ள செயலா?

இராமேசுவரத்தில் பிறந்த ஏ. பி. ஜே. அப்துல் கலாம், குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயின்றார் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஓயாமல் கூறுகிறோம். அவர் தம் நினைவுகளில் எழுதிய ஒரு நிகழ்ச்சியை மட்டும் கூறுவதில்லை. அவர் செய்த விமான வடிவமைப்பு திருப்தியாக இல்லை என்று பேராசிரியர் சீனிவாசன் கூறி, மூன்றே நாளில் மீண்டும் செய்து தருமாறு கெடு வைத்தார். கலாம் இரவும் பகலும் அமர்ந்து புதிதாக வரைந்தார். ‘நம் முன்னோர் இதை முன்பே கூறிவிட்டனர்’ என்று அவர் வாதாடவில்லை. வரைபலகையின் முன் அமர்ந்தார். தாம்பரம் ரயிலில் குரோம்பேட்டையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நாம் நினைக்க வேண்டியது இதை.

ஆகவே மக்தப் ஆசிரியர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும் நாம் கூறுவது சிலவே. தர்ராவைத் தர்ராவாகவே கற்றுக்கொடுங்கள். சன்னல் வெயிலில் மிதக்கும் தூசைக் காட்டி, ‘இவ்வளவு நன்மையும் வீண்போகாது, இவ்வளவு தீமையும் மறையாது’ என்று கூறுங்கள். அணுவைப் பாடநூலிலிருந்து கற்றுக்கொடுங்கள். தெரியாவிட்டால் நம் முஹல்லாவில் கல்லூரி செல்லும் பிள்ளைகளை அழைத்து, வாரம் ஒரு நாள் பள்ளிவாசல் வளாகத்தில் பாடம் நடத்தச் சொல்லுங்கள். ‘குர்ஆனில் விஞ்ஞானம்’ என்று வரும் செய்தியை, ஆதாரமற்ற ஹதீஸை எவ்வாறு நடத்துவோமோ அவ்வாறே நடத்துங்கள்: விசாரியுங்கள், உறுதியாகாவிட்டால் நிறுத்துங்கள். இறைவன் பெயரால் கூறப்படுவது என்பதால் அதற்கு விசாரணை குறைவாக அன்று, கூடுதலாகவே தேவை. அறிவியல் கேட்கும் பெண் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

“இந்த அற்புதங்களைக் கேட்டு எத்தனையோ பேர் ஈமான் கொண்டார்களே” என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு வந்தவர்களின் ஈமானை அல்லாஹ் உறுதிப்படுத்துவானாக. ஆயினும் மணலில் நட்ட கம்பம் ஒரு மாலைக்கு நிற்கலாம்; அதன் மீது வீடு கட்டலாகாது. குர்ஆனின் உண்மைக்கு நேற்றைய சோதனைச்சாலை சாட்சி கூற வேண்டிய தேவையில்லை. கண்ணீரோடு தவ்பா செய்த ஒருவரின் வாழ்வு மாறியதே, அதைவிடவா ஐசோடோப்பு எண் பெரிய சான்று?

அந்த இளைஞருக்கு நாம் தரும் பதில் இதோ: “தம்பி, உன் தோழன் கேட்டது சரியான கேள்வி. தவறு குர்ஆனில் இல்லை; உனக்குக் கற்றுத் தந்த நம்மிடம் இருக்கிறது. தர்ரா டால்டனின் அணுவும் அன்று, போரின் அணுவும் அன்று. உன் வகுப்பில் அணுவை முழுமையாகப் படி. மாதிரிகள் மாறினால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள். தொழுகையில் அந்த ஸூராவை ஓதும்போது அணுவை மறந்துவிடு. உன் செயல்களை நினை.”

நமக்கும் அதுவே பொருந்தும். தர்ராவின் எடையளவு நன்மை செய்தவர் அதைக் காண்பார், தர்ராவின் எடையளவு தீமை செய்தவர் அதையும் காண்பார் என்பதே அந்த ஸூராவின் செய்தி. விசாரிக்காமல் மக்தபில் நாம் கூறிய அந்தச் சொல்லும் அந்த ஏட்டில் இருக்கிறது. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தடுமாறாத ஈமானையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.